வெறும் போத்தல் யாருடைய கணக்கில்?

ரொறன்ரோவில் ஒரு சமையலறை மேசையில் இரண்டு வெறும் போத்தல்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 341 மில்லிலீற்றர் கொள்ளும் மண்ணிறக் கண்ணாடிப் பியர்ப் போத்தல். மற்றது மென்பானம் வந்த பிளாஸ்டிக் போத்தல். கண்ணாடிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய பத்துச் சத வைப்புப் பணம் கிடைக்கும். அது கழுவப்பட்டு, மறுபடி நிரப்பப்பட்டு, சராசரியாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை வரை சந்தைக்கு வரும். பிளாஸ்டிக் போத்தலுக்குத் திரும்பிப் போக இடமில்லை. வீட்டு வாசலில் சேகரிக்கப்படும் நீலப்பெட்டிக்குள் விழுந்தால் அதற்கு மீள்சுழற்சி வாய்ப்பு ஒன்று உண்டு. பூங்காவிலோ அலுவலகத்திலோ குப்பைத் தொட்டிக்குள் விழுந்தால் இருநூறு கிலோமீற்றர் வரை பயணம் செய்து மண்ணுக்குள் போகும். இரண்டையும் வாங்கியவர் ஒருவரே. இரண்டையும் விற்றவை இலாபத்துக்காக இயங்கும் பெரிய நிறுவனங்களே. மாகாணமும் ஒன்று, அரசும் ஒன்று. ஆகவே இந்த வேறுபாட்டை வாங்குபவரின் நற்குணத்தாலோ விற்பவரின் சமூகப் பொறுப்புணர்வாலோ விளக்கிவிட முடியாது. விளக்கம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் போனால், நிலைபேறான அபிவிருத்தியில் வணிகம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு மாநாட்டுத் தீர்மானங்களைவிடத் தெளிவான பதில் கிடைக்கிறது.

வணிகத்தின் பொறுப்புப் பற்றி இரண்டு கட்சிகள் நெடுங்காலமாக வாதாடுகின்றன. மில்டன் பிரீட்மன் 1970இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், ஆட்டவிதிகளுக்குள் நின்று இலாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டார். 1987இல் வெளியான புருண்ட்லண்ட் ஆணைக்குழுவின் அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குப் பங்கம் வராமலே இன்றைய வளர்ச்சி அமைய வேண்டும் என்ற எண்ணத்தை உலகின் பொதுப் பேச்சாக்கியது. அந்த ஆணைக்குழுவில் இருந்த மொரிஸ் ஸ்ட்ரோங், கனடாவின் எரிபொருள் வணிகத்தில் வளர்ந்தவர். 1972இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டையும் 1992இல் றியோ மாநாட்டையும் செயலாளர் நாயகமாக நடத்தியவர். பிறகு ரொறன்ரோவில் ஒன்ராறியோ ஹைட்ரோவின் தலைவராக அமர்ந்தவர். வணிகர்கள் மனம் வைத்தால் உலகம் திருந்தும் என்ற நம்பிக்கைக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். ஆனால் இரண்டு கட்சிகளும் நிறுவனத்துக்கு மனச்சாட்சி இருக்க வேண்டுமா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. ஒன்ராறியோவின் போத்தல் வரலாறு நம்மை வேறொன்றைக் கேட்கத் தூண்டுகிறது: பொருள் பயன்பட்டு முடிந்தபின் எஞ்சுவதன் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கில் இருக்கும்வரை, நிறுவனம் தன் முழு அறிவையும் அதைக் குறைப்பதில் செலுத்துகிறது. கணக்கு ஊரார் தலைக்கு மாறிய அன்றே அந்த அறிவு வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

முதலில் பியரின் கதை. ஒன்ராறியோவில் மதுவிலக்கு 1927இல் முடிவுக்கு வந்தபோது, பியர் வடிப்போர் கூட்டாகச் சேர்ந்து ஒரு களஞ்சிய நிறுவனத்தை அமைத்தனர். பின்னாளில் பியர் ஸ்டோர் என்று பெயர் பெற்றது அதுதான். போத்தலைத் திரும்ப எடுக்கும் வழக்கம் அதன் தொடக்கத்திலிருந்தே உண்டு. சூழலியல் என்ற சொல்லைப் பொதுமக்கள் அறியாத காலம் அது. கண்ணாடி விலையுயர்ந்தது, போத்தல் வடிப்போரின் சொத்து, அதைக் கைவிடுவது நட்டம். காரணம் இவ்வளவுதான். 1961இல் கனடாவின் பெரிய பியர் நிறுவனங்கள் எல்லாம் குட்டையான ஒரே வடிவப் போத்தலுக்கு மாறின. யாருடைய வெறும் போத்தலையும் யாரும் நிரப்பலாம் என்பதால் தரம்பிரிக்கும் கூலி மிச்சமாயிற்று. 1980களில் அமெரிக்கப் பெயர்களில் பியர் விற்கும் உரிமையைப் பெற்ற நிறுவனங்கள், கடைத்தட்டில் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தத்தம் வடிவப் போத்தல்களுக்குத் தாவின. பொதுப் போத்தல் மறைந்தது. ஆனால் கலந்து வந்து குவியும் போத்தல்களைப் பிரிப்பதும் ஒருவர் போத்தலை மற்றவருக்கு அனுப்புவதும் தாங்கமுடியாத செலவாக வளர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் அவர்களே உட்கார்ந்து பேசி, இன்று நாம் காணும் 341 மில்லிலீற்றர் நீள்கழுத்துப் போத்தலைப் பொதுப் போத்தலாக ஏற்றனர். போட்டியாளர்கள் தமக்குள் செய்துகொண்ட இந்த உடன்பாட்டை எந்த அமைச்சரும் கட்டளையிடவில்லை. வெறும் போத்தல் அவர்களுடைய கணக்கிலேயே இருந்தது. கணக்குத்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது. இந்தப் பொதுப் போத்தல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்ததாகப் பல்லாண்டு அறிக்கைகள் காட்டுகின்றன.

மென்பானங்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தன. யாழ்ப்பாணத்துக் கடையில் சோடா குடித்தவர் அங்கேயே நின்று குடித்துப் போத்தலை வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் போத்தலுக்குக் காசு கட்ட வேண்டும். தமிழ்நாட்டின் கோலி சோடாவும் அதே வழிதான். வட அமெரிக்காவிலும் ஊருக்கொரு நிரப்பும் ஆலை இருந்தவரை போத்தல் போய்த் திரும்பியது. ஆலைகள் ஒன்றாக இணைந்து பெருத்து, தூரம் கூடியபோது, வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவரும் லொறிச் செலவும் கழுவும் செலவும் பாரமாகத் தோன்றின. அலுமினிய ரின்னும் பிளாஸ்டிக் போத்தலும் அந்தப் பாரத்தை இறக்கி வைத்தன. எங்கே இறக்கி வைத்தன என்பதுதான் முக்கியம். கழுவும் செலவு மறைந்துவிடவில்லை. கூட்டி அள்ளும் செலவாகவும் புதைக்கும் செலவாகவும் உருமாறி, நகரசபைகளின் வரவுசெலவுத் திட்டத்துக்குள் நுழைந்தது.

ஒன்ராறியோ அரசு இதை 1970களிலேயே உணர்ந்து, மென்பானத்தில் ஒரு பங்கு மீள நிரப்பக்கூடிய போத்தலில் விற்கப்பட வேண்டும் என்று விதி செய்தது. அதே காலத்தில் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு நல்ல எண்ணம் வளர்ந்துகொண்டிருந்தது. ரொறன்ரோவின் கிழக்கே பீச்சஸ் பகுதியில் ஜாக் மக்கினிஸும் அவருடைய நண்பர்களும் வீட்டு வாசலிலேயே பழைய தாள், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைச் சேகரிக்கும் முயற்சியைத் தொடங்கினர். அந்த அனுபவம் 1981இல் கிச்சினர் நகரில் ஆயிரம் வீடுகளில் நீலப்பெட்டியாக உருவெடுத்தது. 1983இல் நகரம் முழுவதற்கும் பரவியது. மக்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். அப்போது மென்பானத் தொழில் ஒரு பேரத்தோடு வந்தது: மீள நிரப்பும் பங்கைத் தளர்த்துங்கள், நீலப்பெட்டியை மாகாணம் எங்கும் பரப்ப நாங்கள் பணம் தருகிறோம். 1980களின் நடுப்பகுதியில் விதி தளர்ந்தது; தொழில் சுமார் 20 மில்லியன் டொலர் தருவதாக ஒப்புக்கொண்டது. மூன்றில் ஒரு பங்காவது மீள நிரப்பும் போத்தலில் வர வேண்டும் என்பதற்கு நெருக்கமான ஒரு விதி அதற்குப் பிறகும் சட்டத்தில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்த எந்த அரசும் முனையவில்லை. 1990கள் முடியுமுன் மீள நிரப்பும் மென்பானப் போத்தல் ஒன்ராறியோக் கடைகளிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டது. நீலப்பெட்டியோ 1989இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் விருதைப் பெற்று உலகப் புகழ் அடைந்தது.

இங்கே நீதியாகப் பேச வேண்டும். நீலப்பெட்டி ஒரு சூழ்ச்சி அன்று. அதை உருவாக்கியவர்கள் குப்பையைக் குறைக்க உண்மையாகவே உழைத்தவர்கள். இலட்சக்கணக்கான வீடுகளுக்கு அது பிரித்துப் போடும் பழக்கத்தைக் கற்பித்தது. பத்திரிகைத் தாளும் அட்டைப்பெட்டியும் அதனால் இன்றும் மீட்கப்படுகின்றன. ஆனால் போத்தல்களைப் பொறுத்தவரை அது ஒரு கணக்கு மாற்றத்துக்கு வழிவிட்டது. தொழில் ஒருமுறை கொடுத்த பணம் முடிந்துபோயிற்று. ஆண்டுதோறும் வந்த செலவு நகரசபைகளிடம் தங்கிவிட்டது. 2002ஆம் ஆண்டின் கழிவுத் திருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் உற்பத்தியாளர்கள் நிகரச் செலவில் பாதியை ஏற்கத் தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் பானம் விற்றவருக்கு இலாபம். கலத்தை அள்ளியவருக்கு வரி.

அந்த வரியின் எடையை ரொறன்ரோ நன்றாக அறிந்திருக்கிறது. நகரின் குப்பை போன கீல் வலி மேடு 2002 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. வடக்கே கேர்க்லண்ட் லேக் அருகே கைவிடப்பட்ட அடம்ஸ் சுரங்கத்தில் கொட்டும் திட்டம், அங்குள்ள மக்களின் எதிர்ப்பால் ஏற்கெனவே 2000இல் கைவிடப்பட்டிருந்தது. எனவே எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு, நாளொன்றுக்கு நூறு லொறிகளுக்கு மேல், 401 நெடுஞ்சாலை வழியாகக் குப்பை போயிற்று. 2007இல் நகரம் செயின்ற் தோமஸ் அருகே உள்ள கிறீன் லேன் மேட்டை 200 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2010 முடிவில் மிச்சிகன் பயணம் நின்றது. கிறீன் லேனும் 2030களின் நடுவில் நிரம்பிவிடும் என்று நகரமே சொல்கிறது. அதன் அயலில் வாழும் ஒனைடா முதற்குடி மக்கள், தாம் குடிக்காத பானங்களின் மிச்சத்தோடு வாழ்கிறார்கள். இந்தக் குப்பை முழுவதும் சோடாப் போத்தல் என்று சொல்ல வரவில்லை. எடைக் கணக்கில் பானக் கலங்கள் அதில் சிறு பகுதிதான். எனினும் திரும்ப எடுக்க மிக எளிதான பொருள் அவைதான். அவற்றையே திரும்ப எடுக்காத ஏற்பாடு மற்றவற்றை எப்படி எடுக்கும்?

குணமா, கணக்கா என்ற ஐயத்தைத் தீர்க்க ஒன்ராறியோ தன்னை அறியாமலே ஒரு நல்ல பரிசோதனையை நடத்தியது. 2007க்கு முன் வைன், சாராயப் போத்தல்களுக்கு வைப்புப் பணம் கிடையாது. அவை நீலப்பெட்டிக்குள் போயின. மற்றப் பொருட்களோடு நெரிந்து உடைந்த கண்ணாடி பெரும்பாலும் மறுபடி போத்தலாக முடியாத தரத்தில் வந்தது; வீதிக்கு அடியில் போடும் நிரப்புப் பொருளாகப் பயன்பட்டது. 2007 பெப்ரவரி 5 முதல் மாகாண மதுவிற்பனைச் சபையான எல்சிபிஓ விற்கும் கலங்களுக்குப் பத்து அல்லது இருபது சதம் வைப்புப் பணம் விதிக்கப்பட்டது. திரும்ப எடுக்கும் வேலை பியர் ஸ்டோருக்குக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஐந்தில் நான்கு அளவு திரும்பி வரத் தொடங்கியது. வந்த கண்ணாடி உடையாமல், நிறம் பிரித்து, மறுபடி போத்தலாகும் தரத்தில் வந்தது. அதே வீடு, அதே போத்தல், அதே மனிதர். மாறியது இருபது சதம் மட்டுமே. வைப்புப் பணம் இல்லாத மென்பானக் கலங்களில் இன்றும் பாதியளவே மீட்கப்படுகிறது என்று பல மதிப்பீடுகள் கூறுகின்றன. எல்லாப் பானத்துக்கும் வைப்புப் பணம் உள்ள அல்பேர்ட்டாவில் ஐந்தில் நான்குக்கு மேல் திரும்புகிறது. வட அமெரிக்காவிலேயே முதன்முதலில் 1970இல் இதைச் சட்டமாக்கியது பிரிட்டிஷ் கொலம்பியா. கனடாவின் மாகாணங்களில் ஒன்ராறியோவும் மனிற்றோபாவும் மட்டுமே மென்பானத்தை இன்னும் வெளியே விட்டு வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இதே உண்மை மலைக்காட்டில் நிரூபணமாயிற்று. நீலகிரியில் அரசின் டாஸ்மாக் கடைகளில் வாங்கிய மதுப் போத்தல்கள் காட்டோரங்களில் உடைந்து கிடந்து, யானைகளின் கால்களைக் கிழிக்கும் நிலை இருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதன் பின், 2022 மே மாதம் முதல் அங்கே ஒவ்வொரு போத்தலுக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் போத்தலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பெரும்பாலான போத்தல்கள் திரும்பி வந்தன; பிறகு அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. அறிவிப்புப் பலகைகளும் அபராதங்களும் செய்ய முடியாததைப் பத்து ரூபாய் செய்தது. மது விற்பனையை மெச்சுவது இங்கே நோக்கம் அன்று. இரண்டு இடங்களிலும் மதுவுக்கு மட்டும் அரசு கறாராக இருந்ததும், சிறுவர் குடிக்கும் பானத்துக்குக் கைகட்டி நின்றதும் வேதனைக்குரியது.

நிறுவனங்கள் தாமாகவே முன்வரும், காலம் கொடுங்கள் என்போருக்கு அண்மைய ஆண்டுகள் கசப்பான பதிலைத் தருகின்றன. கொக்கா கோலா 2022 பெப்ரவரியில், 2030க்குள் தன் பானங்களில் நான்கில் ஒரு பங்கை மீள நிரப்பக்கூடிய அல்லது திருப்பிக் கொடுக்கக்கூடிய கலங்களில் விற்பதாக உலகுக்கு அறிவித்தது. 2024 டிசம்பரில் வெளியிட்ட புதிய இலக்குகளில் அந்த வாக்குறுதி இல்லை. ரொறன்ரோவின் பே வீதியிலும் அதே காட்சி. கனடாவின் ஆறு பெரிய வங்கிகளும் 2021இல், காபன் உமிழ்வைக் குறைக்க உறுதியளிக்கும் நிகர சுழிய வங்கிக் கூட்டணியில் பெருமையோடு சேர்ந்தன. 2025 ஜனவரியில், அமெரிக்க அரசியல் காற்று மாறிய சில வாரங்களுக்குள், ஆறும் வெளியேறின. அந்த ஆண்டு முடியுமுன் கூட்டணியே செயலிழந்தது. இந்த நிறுவனங்களில் பணிபுரிவோர் வஞ்சகர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாக்குறுதிகளை எழுதியவர்களில் பலர் அவற்றை நம்பியே எழுதியிருப்பார்கள். ஆனால் வாக்குறுதியை மீறினால் கணக்கில் ஒரு சதமும் குறையாது. காப்பாற்றினால் செலவு உண்டு. அப்படிப்பட்ட வாக்குறுதி நல்ல காலத்தில் வாழும், கெட்ட காலத்தில் சாகும். பொய்யான பச்சை விளம்பரத்துக்குத் தண்டனை கிடைக்கும்போது மட்டும் நிலைமை கொஞ்சம் மாறுகிறது: கோப்பிக் குப்பிகள் எளிதில் மீள்சுழற்சி ஆகும் என்று விளம்பரம் செய்த கியூரிக் கனடா, பெரும்பாலான நகரசபைகள் அவற்றை ஏற்பதில்லை என்று போட்டிப் பணியகம் கண்டறிந்ததால், 2022இல் மூன்று மில்லியன் டொலர் தண்டப்பணம் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் மிகக் கனமானது சிறு கடைக்காரர் பற்றியது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கொன்வீனியன்ஸ் கடை நடத்தும் குடும்பங்களில் நம்மவர்கள் ஏராளம். ஆறடி அகலக் கல்லாவுக்குப் பின்னால் ஈ மொய்க்கும் போத்தல்களை எங்கே அடுக்குவது, எண்ணிப் பார்க்க யார் நிற்பது என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. டாஸ்மாக் ஊழியர்களும் அதையே கேட்டார்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆளும் இடமும் இல்லை என்று போராடினார்கள். ஒன்ராறியோ அரசு 2023இல் மென்பானத்துக்கு வைப்புப் பணம் பற்றி ஆலோசனை தொடங்கி, 2024இல் அதைக் கைவிட்டபோது சொன்ன காரணங்களில் சிறு வணிகத்தின் சுமையும் ஒன்று. ஆனால் சுமை தவறான தோளில் ஏறுகிறது என்பது சுமையைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. சரியான தோளுக்கு மாற்றுவதற்கே காரணமாகும். ஒவ்வொரு போத்தலுக்கும் கையாளும் கட்டணத்தை உற்பத்தியாளர் கடைக்காரருக்குக் கொடுக்கலாம்; குறிப்பிட்ட பரப்புக்குக் கீழ்ப்பட்ட கடைகளை விலக்கிவிட்டு, பேட்டைக்கொரு சேகரிப்பு நிலையம் அமைக்கலாம். மேற்கு மாகாணங்களில் அப்படிப்பட்ட நிலையங்கள் பல்லாண்டுகளாகச் சிறு வணிகமாகவே நடக்கின்றன. காசைத் தவறான இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் ரொறன்ரோ பார்த்திருக்கிறது. 2009இல் வந்த ஐந்து சதப் பிளாஸ்டிக் பைக் கட்டணம் பை பாவனையைக் கடுமையாகக் குறைத்தது. ஆனால் அந்தக் காசு கடைகளுக்கே போனது, பொதுக் காரியத்துக்கு அன்று. மக்களிடம் அதற்கு ஆதரவு வேரூன்றவில்லை; 2012இல் மாநகரசபை அதை நீக்கியபோது காக்க வந்தவர் சிலரே. அதே ஆண்டு அவசரத்தில் கொண்டுவந்த முழுத் தடையும் வழக்குகளுக்கு அஞ்சி கைவிடப்பட்டது.

இரண்டாவது எதிர்ப்பு வர்த்தகம் பற்றியது: ஒரு சிறிய ஆட்சி தன் எல்லைக்குள் கறாரான விதி வைத்தால் அயல்நாட்டு நிறுவனங்கள் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. மீள நிரப்ப முடியாத பியர்க் கலங்களுக்கு ஒன்ராறியோ 1992இல் பத்துச் சதத் தீர்வையை விதித்தபோது, ரின்னில் வரும் தம் பியருக்கு இது மறைமுகத் தடை என்று அமெரிக்கா சீறியது. ஒன்ராறியோப் பியருக்கு ஐம்பது விழுக்காட்டுத் தீர்வை விதித்தது. கனடா பதிலடி கொடுத்தது. 1993இல் சண்டை ஒப்பந்தத்தில் முடிந்தது, தீர்வை நிலைத்தது. அதற்கு முன்பே, 1988 செப்டம்பரில், டென்மார்க்கின் கட்டாயப் போத்தல் திருப்புமுறையை ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது: சுற்றாடலைக் காப்பது தடையற்ற வர்த்தகத்துக்கு எல்லை வகுக்கக்கூடிய நோக்கம் என்று அது தீர்ப்பளித்தது. ஆகவே வெளிநாட்டு அழுத்தம் மெய். அது தாங்கமுடியாதது என்பது பொய்.

மூன்றாவது எதிர்ப்பு நுட்பமானது, அதை லேசாக ஒதுக்க முடியாது. கண்ணாடி பாரமானது, தண்டர் பே போன்ற ஊருக்கு ஆயிரத்து நானூறு கிலோமீற்றர் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் எரிபொருள், மீள்பயன்பாட்டின் நன்மையைத் தின்றுவிடலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் கண்ணாடி பிளாஸ்டிக்கைவிடக் கேடு என்பதும் உண்மை. வைப்புப் பணம் மீள்பயன்பாட்டைத் தானாகக் காப்பாற்றுவதும் இல்லை. ஜெர்மனி 2003இல் ஒருமுறைக் கலங்களுக்கு இருபத்தைந்து சத வைப்பை விதித்தது. கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வருகின்றன. ஆனாலும் மீள நிரப்பும் போத்தலின் பங்கு அதற்கு முந்தைய காலத்தைவிடக் கீழே போய், சட்டம் வைத்த எழுபது விழுக்காட்டு இலக்கைத் தொடவே இல்லை. ஒன்ராறியோவிலும் பியர் குடிப்போர் ஆண்டுக்காண்டு ரின்னுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு காரணம் வெளிப்படை: 1992இல் விதித்த பத்துச் சதத் தீர்வை இன்றும் ஏறத்தாழ அதே பத்துச் சதம். முப்பது ஆண்டு விலையேற்றத்தில் அதன் வலிமை பாதியாகிவிட்டது. கணக்கு பேசும் என்று சொல்பவர், எண்ணையும் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும். எங்கே மீள நிரப்புவது மேல், எங்கே உருக்கி எடுப்பது மேல் என்பதைத் தூரமும் ஆலையும் தீர்மானிக்கட்டும். ஆனால் இரண்டின் செலவும் விற்றவரின் ஏட்டில் இருக்கும்போதுதான் அந்த ஒப்பீடு நேர்மையாக நடக்கும்.

வணிகத்தின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரேனும் இதைக் கொண்டால், ரொறன்ரோ நகர மையத்தின் கட்டடங்களைச் சுட்டிக்காட்டலாம். 2004 முதல் என்வேவ் நிறுவனம் ஒன்ராறியோ ஏரியின் அடியில் ஐந்து கிலோமீற்றர் குழாய் நீட்டி, எண்பத்துமூன்று மீற்றர் ஆழத்திலிருந்து நான்கு பாகை குளிர்ந்த நீரை எடுத்து, அந்தக் குளிர்ச்சியை அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விற்கிறது. வழமையான குளிரூட்டிகளுக்குத் தேவைப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதி மிச்சம். அற்புதமான பொறியியல், நல்ல இலாபமும்கூட. ஆனால் அதன் பிறப்பைப் பார்த்தால், ரொறன்ரோ மாநகரமும் ஒரு பொதுத்துறை ஓய்வூதிய நிதியமும் அதன் பங்காளிகளாக இருந்தன. ஏரிநீர் நகரின் குடிநீர்க் குழாய்களோடு இணைந்தே ஓடுகிறது. பொறுமையான பொது மூலதனம் முதலில் வந்தது. 2012இல் புறூக்பீல்ட் வாங்கும்போது அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தொழில். இலாபமும் பொதுநன்மையும் ஒரே திசையில் ஓடும் வாய்க்காலை வெட்டிக் கொடுத்தால், வணிகத்தைப் போல வேகமாக நீர் பாய்ச்ச வேறு எவராலும் முடியாது.

அந்த வாய்க்காலை வெட்டும் வேலை ஒன்ராறியோவில் பாதியில் நிற்கிறது. 2021இன் புதிய ஒழுங்குவிதி நீலப்பெட்டியின் முழுச் செலவையும் உற்பத்தியாளர்களிடம் ஒப்படைத்தது. ரொறன்ரோ 2023 ஜூலை 1இல் மாறியது; மாகாணம் முழுவதும் மாறி முடிவதற்கு 2025 இறுதி நாள் குறிக்கப்பட்டது. உற்பத்தியாளரின் பொறுப்பு பொருள் குப்பையான பின்னும் நீள வேண்டும் என்ற கருத்தை 1990இல் சுவீடனில் தோமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்தபோது நினைத்தது இதைத்தான்: செலவு வந்து கதவைத் தட்டினால் பொதிகளின் வடிவமே மாறும். ஆனால் ஒன்ராறியோவில் கதவைத் தட்டியதும் நிறுவனங்கள் முதலில் செய்தது பொதியை மாற்றுவதல்ல, அரசிடம் போனது. செலவு எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறுகிறது என்று முறையிட்டன. 2025இல் மாகாண அரசு உயர்ந்த மீட்பு இலக்குகளைத் தள்ளிப்போட்டது, வீட்டுக்கு வெளியே பானக் கலங்களைச் சேகரிக்க வேண்டும் என்ற விரிவாக்கத்தையும் விட்டுவிட்டது. ஏறும் செலவு விதியின் தோல்வி என்று அரசு படித்தது. விதி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று படித்திருக்க வேண்டும். இதே காலத்தில் நூறாண்டுப் பழமை கொண்ட பியர்ப் போத்தல் வழியும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2024 செப்டம்பர் 5 முதல் கொன்வீனியன்ஸ் கடைகளில் பியர் விற்கலாம் என்றாயிற்று. விற்பனையை இழந்த பியர் ஸ்டோர் அடுத்தடுத்துக் கிளைகளை மூடிவருகிறது. விற்கும் இடங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின, திரும்ப எடுக்கும் இடங்கள் குறைந்தன. பெரிய மளிகைக் கடைகள் 2026 ஜனவரி முதல் வெறும் போத்தல்களை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றின் அனுமதியோடு சேர்க்கப்பட்டிருந்தது. சில நிறுவனங்கள் அதைத் தவிர்க்க, மது விற்கும் உரிமையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கின.

செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. மென்பானத்துக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் வைப்புப் பணம். அதை விலையேற்றத்தோடு சேர்த்து உயர்த்தும் விதி. திரும்ப எடுக்கும் கடைக்கும் நிலையத்துக்கும் உற்பத்தியாளர் தரும் கையாளும் கட்டணம். நகர்ப்புறத்தில் மீள நிரப்பும் போத்தலுக்கு ஒரு குறைந்தபட்சப் பங்கு, இம்முறை அமல்படுத்தப்படும் பங்கு. இவற்றால் பானத்தின் விலை ஏறும், நிறுவனங்கள் ஓடிப்போகும் என்ற அச்சத்துக்கு ஒட்டாவா ஆற்றின் மறுகரையே பதில். ஒன்ராறியோவில் பானம் விற்கும் அதே நிறுவனங்கள்தான் கியூபெக்கிலும் விற்கின்றன. அங்கே 2023 நவம்பரில் எல்லா அலுமினியப் பான ரின்களுக்கும், 2025 மார்ச்சில் எல்லாப் பிளாஸ்டிக் பானப் போத்தல்களுக்கும் பத்துச் சத வைப்புப் பணம் விரிந்தது. திரும்ப எடுக்கும் நிலையங்களை அமைத்து நடத்தும் செலவை உற்பத்தியாளர்களே தம் கூட்டமைப்பு மூலம் ஏற்கிறார்கள்.